அமீரகத்தில் வேலை செய்யும்போது கர்ப்பமானால்: விடுப்பு, சம்பளம், காகிதங்கள்

துபாய், ஷார்ஜா, அபுதாபி என்று ஐக்கிய அரபு அமீரகத்தில் எங்கேயாவது தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள், கர்ப்பமாகவும் இருக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எனக்கு இந்த விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. என் நிறுவனத்தின் எச்.ஆர். ஒன்று சொன்னார், தோழிகள் வேறொன்று சொன்னார்கள், ஊரிலிருந்து அம்மா இன்னொன்று சொன்னார். கடைசியில் சட்டத்தையே எடுத்துப் படித்து, ஒவ்வொரு காகிதமாக வாங்கி முடித்தேன். வாந்தியும் தலைசுற்றலுமாக இருக்கும் நாட்களில் அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. ஆனால் வாயால் பேசி முடித்த எதுவும் பிறகு உதவிக்கு வராது. கேட்பதையும் பதிலையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்களுக்கு எந்தச் சட்டம் என்று பாருங்கள்

எல்லாருக்கும் ஒரே விதி இல்லை. பெரும்பாலான தனியார் நிறுவனங்களுக்கு 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் பொருந்தும். இது 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ளது. மெயின்லாண்ட் நிறுவனம் என்றாலும், ஜெபல் அலி போன்ற ஃப்ரீ ஸோன் நிறுவனம் என்றாலும் இதுதான்.

இரண்டு நிதி மண்டலங்கள் மட்டும் விலக்கு. துபாயின் டி.ஐ.எஃப்.சி.க்கும் அபுதாபியின் ஏ.டி.ஜி.எம்.முக்கும் சொந்தச் சட்டம் உண்டு. டி.ஐ.எஃப்.சி.யில் மகப்பேறு விடுப்பு 65 வேலை நாட்கள். அதில் 33 நாட்களுக்கு முழுச் சம்பளம், மீதி 32 நாட்களுக்குப் பாதி. ஆனால் முழு உரிமையும் கிடைக்க அங்கே 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். 8 வாரங்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். அரசு வேலையில் இருப்பவர்களுக்குத் தனி விதிகள்.

வீட்டு வேலைக்காக வந்த பெண்களுக்கு 2022-இன் 9-ஆம் எண் சட்டம் என்று வேறொன்று இருக்கிறது. கீழே சொல்லும் 60 நாள் கணக்கை அவர்கள் அப்படியே உரிமையாகக் கேட்க முடியாது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். மற்றவர் குழந்தையைத் தூக்கி வளர்க்கிற பெண்ணுக்குத் தன் குழந்தைக்கான நாட்கள் முதலாளியின் மனதைப் பொறுத்திருக்கின்றன. அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற உதவி மையத்தின் எண்ணைக் கொடுங்கள்: 800 46342. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம்.

எது உங்களுக்குப் பொருந்தும் என்று சந்தேகம் இருந்தால் உங்கள் லேபர் காண்ட்ராக்டை எடுத்துப் பாருங்கள். நகல் கையில் இல்லையென்றால் தொழிலாளர் அமைச்சகத்தின் செயலியில் இறக்கிக்கொள்ளலாம். அந்த அமைச்சகத்தை இங்கே எல்லாரும் மோஹ்ரே என்பார்கள்.

2. யாரிடமும் சொல்வதற்கு முன் காப்பீட்டைப் படியுங்கள்

உங்கள் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தைக் கட்ட வேண்டியது நிறுவனம், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. துபாயிலும் அபுதாபியிலும் மருத்துவக் காப்பீடு பல ஆண்டுகளாகவே கட்டாயம். 2025 ஜனவரி முதல் மற்ற எமிரேட்டுகளிலும் அப்படித்தான்.

ஆனால் காப்பீட்டு அட்டை இருப்பதாலேயே பிரசவச் செலவு அடைபடும் என்று நினைத்துவிடாதீர்கள். எச்.ஆர்.-இடம் பலன்களின் அட்டவணையைக் கேளுங்கள். அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, மகப்பேறு உள்ளதா, உண்டென்றால் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டு, சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் தனித்தனியாக எவ்வளவு வரம்பு. மூன்று, ஒவ்வொரு செக்கப்புக்கும் ஸ்கேனுக்கும் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு எத்தனை சதவீதம். நான்கு, எந்தெந்த மருத்துவமனைகள் பட்டியலில் உள்ளன.

மலிவான திட்டங்களில் பிரசவத்துக்கென்று தனி வரம்பு இருக்கும். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் திர்ஹம் வரை என்று முகப்பில் போட்டிருப்பார்கள். அது மொத்த வரம்பு. பிரசவத்துக்கான வரம்பு அதைவிட மிகக் குறைவாக உள்ளே ஒரு வரியில் இருக்கும். அந்த வரியைப் பார்த்துவிட்டு மருத்துவமனையில் பிரசவத் தொகுப்பின் விலையை எழுத்தில் வாங்குங்கள். எபிடியூரல் (பிரசவ வலியைக் குறைக்க முதுகில் போடும் ஊசி), குழந்தை மருத்துவர், குழந்தைக்கு ஐ.சி.யூ. தேவைப்பட்டால் ஆகும் செலவு ஆகியவை தொகுப்புக்குள் வருமா என்று கேட்டே ஆகவேண்டும். பில் எகிறுவது இந்த மூன்றில்தான்.

3. நிறுவனத்துக்கு எப்போது, எப்படிச் சொல்வது

இத்தனையாவது மாதத்தில் சொல்லியாக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் அவசரப்பட வேண்டாம், ரொம்பத் தள்ளிப்போடவும் வேண்டாம். என் கருத்தில், நான்காம் ஐந்தாம் மாதம் சரியான சமயம். வேலையைப் பிரித்துக் கொடுக்க நிறுவனத்துக்கு நேரம் இருக்கும், உங்களுக்கும் ஆண்டு விடுப்பைத் திட்டமிட நேரம் இருக்கும். எக்ஸ்ரே, ரசாயனம், பாரம் தூக்குதல் போன்ற வேலை என்றால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரில் சொன்ன அன்றே ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். உரிமம் பெற்ற மருத்துவமனையின் சான்றிதழை இணைத்து, எதிர்பார்க்கும் பிரசவத் தேதியைக் குறிப்பிட்டால் போதும். அந்த மின்னஞ்சலை உங்கள் சொந்த முகவரிக்கும் நகல் போட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட்டு நீக்கினால் அலுவலக மின்னஞ்சல் அன்றே மூடப்படும்.

ப்ரொபேஷனில் இருக்கிறீர்களா? அதிகபட்சம் 6 மாதம் அது. அந்தக் காலத்தில் 14 நாள் நோட்டீஸ் கொடுத்து உங்களை அனுப்ப முடியும். கர்ப்பத்தைக் காரணமாக வைத்து நீக்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், ‘வேலை திருப்தியில்லை’ என்று எழுதிவிட்டால் நிரூபிப்பது கடினம். ப்ரொபேஷன் முடிய இன்னும் சில வாரம்தான் என்றால், உடல்நிலை இடம் கொடுத்தால், முடிந்ததும் சொல்லுங்கள். இதில் எந்தத் தவறும் இல்லை.

4. நாட்களையும் பணத்தையும் கணக்குப் போடுங்கள்

கூட்டாட்சிச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி மகப்பேறு விடுப்பு 60 நாட்கள். முதல் 45 நாட்களுக்கு முழுச் சம்பளம், அடுத்த 15 நாட்களுக்குப் பாதிச் சம்பளம். இவை காலண்டர் நாட்கள், வார விடுமுறையும் சேர்ந்தே எண்ணப்படும்.

இந்த இடத்தில் மூன்று பொறிகள் உள்ளன. மூன்றையும் நான் எதிர்கொண்டேன், அல்லது கூட வேலை செய்தவர்களுக்கு நடக்கப் பார்த்தேன்.

முதலாவது, ‘45 நாள்தான், மேடம்.’ இது 1980-ஆம் ஆண்டின் பழைய சட்டம். அது போய்விட்டது, ஆனால் சில நிறுவனங்களின் விதிப் புத்தகம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

இரண்டாவது, ‘ஒரு வருடம் முடியவில்லை, அதனால் பாதிச் சம்பளம்தான்.’ இதுவும் பழைய சட்டத்தில் இருந்தது. இப்போதைய சட்டத்தில் சேர்ந்து இத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது.

மூன்றாவதுதான் பையில் அதிகமாகக் கை வைப்பது: அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கிட்டுக் கொடுப்பது. சட்டத்தில் அடிப்படைச் சம்பளம் வேறு, சம்பளம் வேறு. சம்பளம் என்றால் வீட்டுப்படி, பயணப்படி எல்லாம் சேர்ந்தது. மகப்பேறு விடுப்புக்குச் சொல்லியிருப்பது முழுச் சம்பளம். ஓர் உதாரணம்: பேஸிக் 3,000, வீட்டுப்படி 1,500, பயணப்படி 500, ஆக 5,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். 45 நாளுக்கு 7,500, பாதிச் சம்பளமாக 15 நாளுக்கு 1,250. மொத்தம் 8,750 திர்ஹம். பேஸிக்கை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் 5,250தான் வரும். 3,500 திர்ஹம் வித்தியாசம். குழந்தையின் முதல் சில மாதச் செலவு அது.

60 நாட்களுக்கு மேலும் வழிகள் உண்டு. பிரசவத்தால் உங்களுக்கோ குழந்தைக்கோ நோய் வந்து வேலைக்குத் திரும்ப முடியாவிட்டால், மருத்துவச் சான்றோடு இன்னும் 45 நாட்கள் சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம். அதைத் தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ எடுக்கலாம், ஆனால் அந்த நாட்கள் கிராஜுவிட்டிக்கான சேவைக்காலத்தில் சேராது. குழந்தை நோயுற்றோ மாற்றுத்திறனோடோ பிறந்து கூடவே ஆள் இருக்க வேண்டிய நிலை என்றால், 60 நாள் முடிந்தபின் 30 நாட்கள் முழுச் சம்பளத்தோடு, அதன் பிறகு 30 நாட்கள் சம்பளமின்றிக் கிடைக்கும். இதைத் தவிர, பெற்றோர் விடுப்பு என்று 5 வேலை நாட்கள், சம்பளத்தோடு. குழந்தை பிறந்த 6 மாதத்துக்குள் எடுக்க வேண்டும். அப்பாவுக்கும் இது உண்டு, உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்; பல ஆண்களுக்கு இது தெரியாது.

சொல்லவே கனமாக இருக்கிறது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் ஆன கர்ப்பத்தில் குழந்தை இறந்து பிறந்தாலும், பிறந்தபின் இறந்தாலும், அந்தத் தாய்க்கும் மகப்பேறு விடுப்பு முழுவதும் உரிமை. அந்த நிலையில் இருக்கும் பெண்ணிடம் யாரும் ‘எப்போது வருவீர்கள்’ என்று கேட்கக் கூடாது. அவளுக்காக வேறு யாராவது இந்த விதியைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் கரு கலைந்தால் அது நோய் விடுப்பில் வரும்.

5. பிரசவத்துக்கு முந்தைய நாட்கள்

இரத்தக்கசிவு, உயர் இரத்த அழுத்தம், படுக்கையிலேயே ஓய்வு என்று மருத்துவர் சொன்னால் அது நோய் விடுப்பு. மகப்பேறு விடுப்பிலிருந்து கழிக்க விடாதீர்கள். ப்ரொபேஷன் முடிந்தவர்களுக்கு ஆண்டுக்கு 90 நாள் வரை நோய் விடுப்பு: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி 45 நாள் சம்பளமில்லை. 3 வேலை நாட்களுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மகப்பேறு விடுப்பை எப்போதிலிருந்து உரிமையாகக் கேட்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிரசவம் எந்த மாதத்தில் எதிர்பார்க்கப்படுகிறதோ, அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலிருந்து. அக்டோபர் 20 தேதி என்றால் செப்டம்பர் 30 முதல். அக்டோபர் 2 தேதி என்றாலும் அதே செப்டம்பர் 30தான்; அதாவது இரண்டு நாள்தான் முன்னால் கிடைக்கும். அதற்கும் முன்பே ஓய்வு வேண்டுமென்றால் ஆண்டு விடுப்பைச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். மகப்பேறு விடுப்போடு மற்ற விடுப்பைச் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஆண்டு விடுப்பின் தேதியை முடிவு செய்யும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கிறது, ஆகவே முன்கூட்டியே கேட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

விடுப்புக் கடிதத்தில் இவை இருக்கட்டும்: எதிர்பார்க்கும் பிரசவத் தேதி, விடுப்பு தொடங்கும் நாள், முடியும் நாள், 45 நாள் முழுச் சம்பளம் 15 நாள் பாதிச் சம்பளம் என்ற வரி, முன்னும் பின்னும் சேரும் ஆண்டு விடுப்பு. பதில் வராவிட்டால் ஒரு வாரத்தில் அதே மின்னஞ்சலின் மேல் மீண்டும் கேளுங்கள்.

6. இங்கேயா, ஊரிலா?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடித்து அங்கேயே இருந்துவிடலாம் என்று ஆசையாக இருக்கும். முடிவெடுக்கும் முன் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விமான நிறுவனங்கள் பொதுவாக 28, 29 வாரம் வாக்கில் மருத்துவச் சான்று கேட்கத் தொடங்கும். 36 வாரத்துக்கு மேல் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள், இரட்டைக் குழந்தை என்றால் 32 வாரம். சில நிறுவனங்களின் வரம்பு இன்னும் முன்னால் இருக்கும். அதே அக்டோபர் 20 கணக்கில் 36 வாரம் செப்டம்பர் 22-இல் முடிகிறது. உங்கள் மகப்பேறு விடுப்போ செப்டம்பர் 30-இல்தான் தொடங்குகிறது. ஆக, இப்படிப்பட்ட தேதிக்கு ஆண்டு விடுப்பு கையில் இல்லாமல் ஊரில் பிரசவம் என்பது நடக்காத காரியம்.

அடுத்தது, திரும்பி வருவது. செப்டம்பர் 30-இல் தொடங்கிய 60 நாள் நவம்பர் 28-இல் முடியும். அப்போது குழந்தைக்கு நாற்பது நாள்தான் ஆகியிருக்கும். அதற்குள் பிறப்புச் சான்றிதழ், அதன் அட்டெஸ்டேஷன் (அரசு அலுவலகங்களின் சான்றொப்பம்), குழந்தையின் பாஸ்போர்ட், அமீரக விசா எல்லாம் முடிய வேண்டும். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வது கட்டாயம், மருத்துவமனையே அனுப்பிவிடும். ஆனால் தமிழ்நாட்டில் பெயர் போடாமலேயே சான்றிதழ் வருவது சகஜம். பெயர் வைக்கும் சடங்குவரை காத்திருந்தால் காகிதங்கள் அங்கேயே நிற்கும். பெயரை முதலிலேயே முடிவு செய்து பதிவு செய்யுங்கள். சிறுவர் பாஸ்போர்ட்டுக்குத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும். கணவர் அமீரகத்திலேயே இருந்தால் அவருடைய உறுதிமொழியை இந்தியத் துணைத் தூதரகம் வழியாகச் சான்று செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஊரில் இருக்கும் நாட்கள் நீண்டுகொண்டே போனால் இன்னோர் ஆபத்து: சாதாரண வேலை விசாவில் இருப்பவர் தொடர்ந்து 180 நாட்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் ரெசிடென்ஸ் விசா செல்லாமல் போகும்.

என் தீர்ப்பைக் கேட்டால், காப்பீட்டில் பிரசவம் நன்றாக உள்ளடங்கியிருந்தால் அம்மாவை விசிட் விசாவில் இங்கே வரவழைப்பதுதான் லேசு. காப்பீடு மோசம், ஆண்டு விடுப்பு நிறைய இருக்கிறது என்றால் ஊர்.

7. இங்கே பிறந்தால்: குழந்தையின் காகிதங்கள்

திருமணச் சான்றிதழைக் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே தயார் செய்யுங்கள். மருத்துவமனைப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், குழந்தை விசா மூன்றுக்கும் அது தேவைப்படும். கோயிலிலோ மண்டபத்திலோ நடந்த திருமணமாக இருந்தாலும் பதிவுச் சான்றிதழ்தான் வேண்டும். அதை மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரக வெளியுறவு அமைச்சகம் என்ற வரிசையில் அட்டெஸ்ட் செய்ய வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும், ஏஜென்சிகள் ஆளுக்கொரு கட்டணம் கேட்கும். இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

குழந்தை பிறந்தபின் வரிசை இது: மருத்துவமனையின் பிறப்பு அறிவிப்பு, அமீரகப் பிறப்புச் சான்றிதழ், இந்தியத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவும் பாஸ்போர்ட்டும், ரெசிடென்ஸ் விசாவும் எமிரேட்ஸ் ஐடியும். விசா பிறந்த 120 நாட்களுக்குள் முடிய வேண்டும், தாண்டினால் நாள் கணக்கில் அபராதம். இந்தியக் குடியுரிமைக்காகப் பிறப்பைத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பதிய வேண்டும் என்பது வேறு கெடு, ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு அதுவும் முடிந்துவிடும். கணவர் ஸ்பான்சர் செய்வதாக இருந்தால் அவர் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும்.

துபாயில் முதல் 30 நாட்களுக்குக் குழந்தை தாயின் காப்பீட்டிலேயே இருக்கும். 31-ஆம் நாளுக்கு முன் குழந்தைக்குத் தனியாகக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இனிஷியல்தான். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு வரும் இந்தியர்களுக்கு அமீரகம் 2022 நவம்பரில் புதிய கட்டுப்பாடு கொண்டுவந்தபோது நிறைய தமிழர்கள் விமான நிலையத்தில் தவித்தார்கள். குழந்தையின் பெயரையும் அப்பா அல்லது அம்மாவின் பெயரையும் இரண்டு தனித் தனிப் பெயராகப் பிறப்புச் சான்றிதழிலேயே போடுங்கள். எழுத்துக்கூட்டல் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கட்டும். அரபியில் எழுதியதையும் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

8. வேலைக்குத் திரும்பியதும்

பால் கொடுக்க நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு இடைவேளை, மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், சம்பளத்தோடு கிடைக்கும். இந்த உரிமை 6 மாதம்வரை. ஆனால் பிறந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், நீங்கள் திரும்பிய நாளிலிருந்து அல்ல. பால் பிதுக்கிச் சேமிக்க மூடிய அறை ஒன்றைக் கேளுங்கள். கழிப்பறையைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல நிறுவனங்களில் அந்த ஒரு மணி நேரத்தைக் கடைசியில் எடுத்து முன்னதாக வீட்டுக்குப் போக விடுகிறார்கள். அதையும் மின்னஞ்சலில் பேசி முடியுங்கள்.

9. ‘நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள்’ என்றால்

கர்ப்பத்தாலோ மகப்பேறு விடுப்பாலோ வேலையை விட்டு நீக்குவதும், அதற்காக நோட்டீஸ் கொடுப்பதும் சட்டப்படி தடை. அதனால்தான் சில நிறுவனங்கள் நீக்காமல், உங்களையே எழுதிக் கொடுக்கச் சொல்கின்றன. ‘இப்போது விசா கேன்சல் செய்வோம், பிரசவம் முடிந்து வந்ததும் புது விசா போடுவோம்’ என்று இனிமையாகத்தான் பேசுவார்கள். ஒப்புக்கொண்டால் போவது வேலை மட்டுமல்ல. விசாவோடு காப்பீடும் போகும், மகப்பேறுச் சம்பளம் போகும். ராஜினாமா என்பதால் வேலையிழப்புக் காப்பீட்டிலும் ஒன்றும் கிடைக்காது. மாதம் 5 அல்லது 10 திர்ஹம் கட்டுகிறோமே, அந்தத் திட்டம் 12 மாதம் தொடர்ந்து கட்டியவர்களுக்கு, நிறுவனம் நீக்கினால் மட்டும், பேஸிக்கில் 60 சதவீதத்தை மூன்று மாதம்வரை தரும். வேலை போன 30 நாட்களுக்குள் அதைக் கோர வேண்டும்.

எந்தக் காகிதத்திலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். ‘வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்’ என்று சொல்லி வாங்கி வாருங்கள். விசா ரத்துப் படிவத்தில் பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்ற வரி இருக்கும். பணம் கணக்கில் விழாமல் அதில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பாஸ்போர்ட்டையும் நிறுவனம் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது.

பேச்சில் தீரவில்லையா, மோஹ்ரேயில் புகார் கொடுங்கள். செயலியில் கொடுக்கலாம், 80084 என்ற எண்ணிலும் அழைக்கலாம். டி.ஐ.எஃப்.சி., ஏ.டி.ஜி.எம். ஆட்கள் அந்தந்த மண்டலத்தின் நீதிமன்றத்தைப் பார்க்க வேண்டும். மோஹ்ரே முதலில் 14 நாட்களுக்குள் சமரசம் பேசும். 2024-இலிருந்து 50,000 திர்ஹம்வரையிலான கோரிக்கைகளில் மோஹ்ரேயே தீர்ப்பளிக்கலாம். மகப்பேறுச் சம்பளப் பாக்கி பெரும்பாலும் இந்தத் தொகைக்குள்ளேயே வரும். அதற்கு மேல் என்றால் நீதிமன்றம் போகும். 1,00,000 திர்ஹம்வரை தொழிலாளி கட்டணம் கட்ட வேண்டியதில்லை. வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கோரலாம். அதனால் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே ஓட வேண்டியதில்லை, உடம்பு தேறியபின் போகலாம்.

புகாருக்குக் கையில் வேண்டியவை: லேபர் காண்ட்ராக்ட், எமிரேட்ஸ் ஐடி, கடைசி ஆறு மாத வங்கி அறிக்கை, மருத்துவச் சான்றுகள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், விடுப்புக் கடிதமும் அதற்கு வந்த பதில்களும். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் நிறுவனத்தின் கணினியில் இல்லாமல் உங்கள் கைப்பேசியில் ஒரு தொகுப்பு, கணவரிடமோ தோழியிடமோ இன்னொரு தொகுப்பு என்று இப்போதே பிரித்து வைத்துவிடுங்கள்.